புளி போட்டுத் துலக்கிய குண்டு

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. லிஃப்டில் தனியாக ஏற மாட்டேன். நான் குடியிருக்கும் ரோலாவிலிருந்து துபாய் போகும் பஸ்ஸில் டிரைவர் கொட்டாவி விட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாமா என்று யோசிப்பேன். குக்கர் விசில் வரத் தாமதித்தால் நான் ஹாலில் போய் நின்றுகொண்டு கணவரை அடுப்படிக்கு அனுப்புவேன். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: பிரிட்டன்காரர்கள் இரண்டாம் உலகப்போர் சமயத்தில் ஆயுதம் செய்து குவித்த கதையை எழுதுவது.

துபாய் அல் கூஸில், பொருட்காட்சி அரங்குகள் செய்து தரும் கம்பெனி ஒன்றில் இருந்தேன்; இன்னும் அங்கேதான் இருக்கிறேன். கீழே பட்டறை. தச்சு, வெல்டிங், பெயிண்ட் எல்லாம் அங்கே நடக்கும். இரும்புப் படியேறி மேலே வந்தால் கண்ணாடி அறை. காட்சிப் பொருள்களுக்குப் பக்கத்தில் நான்கு வரி, ஐந்து வரி எழுதி வைத்திருப்பார்களே, அந்த வரிகளை எழுதுகிறவள் நான். யாரும் அதை நின்று படிப்பதில்லை. இருந்தாலும் பிழை இருந்தால் மட்டும் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார்கள்.

கீழே பட்டறையில் என் தம்பி ஃபிட்டர். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு கோயம்புத்தூரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவனை நான்தான் மேனேஜரிடம் சொல்லி விசா எடுத்து வரவழைத்தேன். "உன்ற கண்ணு முன்னால இருப்பான்னுதான் அனுப்பறேன்" என்று அம்மா ஏர்போர்ட்டிலிருந்து ஃபோனில் சொன்னாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது தலையில் தூக்கி வைத்த பாரமாகிவிட்டது. அவனுக்கு ஏதாவது ஆனால் நான் ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாது என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது.

எங்கள் முதலாளியை அர்பாப் என்போம். அவருடைய உறவினர் ஒருவருக்குப் பழைய சாமான்கள் சேர்க்கும் பைத்தியம். அவர் சேர்த்ததையெல்லாம் வைத்து, போர்க்காலத்து பிரிட்டிஷ் தொழிற்சாலைகளைப் பற்றி ஒரு காட்சி வைக்க ஆசைப்பட்டார். அதற்காக நான் படித்தவற்றில் பாதி என்னைத் தூங்கவிடவில்லை. குழந்தைகளுக்குப் பொம்மை செய்த கம்பெனி துப்பாக்கி செய்திருக்கிறது. நாற்காலி மேஜை செய்த ஆசாரிகள் மரத்தில் போர் விமானம் செய்திருக்கிறார்கள். வீட்டுப் பெண்கள் அலுமினியச் சட்டிகளைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். தெருவோரத்துக் கம்பி வேலிகளை அறுத்து உருக்கக் கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு நாடே அடுப்படியிலிருந்து ஆரம்பித்து ஆயுதப் பட்டறையாக மாறிவிட்டது. அந்தச் சமயத்தில் எங்கள் செய்தியிலும் தினமும் ஏவுகணைதான். இதெல்லாம் எங்கேயோ யாரோ ஷிப்ட் போட்டுச் செய்ததுதானே என்று நினைத்துக்கொண்டே எழுந்து போய், கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.

இதைச் சாப்பாட்டு நேரத்தில் கீழே போய்ச் சொல்வேன். எங்கள் ஃபோர்மேன் சிவகங்கைப் பக்கத்துக்காரர், தச்சு வேலையில் தொடங்கி மேலே வந்தவர். அவருக்கு நான் தங்கச்சி, எனக்கு அவர் அண்ணன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்.

"ஓவர்டைம் குடுத்தாய்ங்களா தங்கச்சி?"

"அக்காவுக்கு ஏதாச்சும் பயப்படறதுக்கு வேணும்ங்ணா. உள்ளூர்ல கிடைக்கலீன்னா லண்டன்ல இருந்து வரவழைச்சுக்கும்" என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

காட்சிப் பொருள்கள் ஒரு பிக்கப்பில் வந்து இறங்கின. முகமூடிகள், பெண்கள் போட்ட நீளமான வேலைச் சட்டைகள், அச்சு இயந்திரம் ஒன்று. கடைசியாகக் கம்பளியில் சுற்றி ஒரு பீரங்கிக் குண்டு. முழங்கை நீளத்துக்கு மேல் இருக்கும். ஒருவர் தூக்கலாம், ஆனால் முகம் சிவந்துவிடும். அந்த உறவினரின் பண்ணை வீட்டில் பல வருஷமாகக் காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் அண்டக் கொடுத்திருந்தார்களாம். உள்ளே காலி என்று டிரைவர் சொன்னார். அவருக்கு யார் சொன்னார்களோ. உடம்பெல்லாம் துரு, நுனியிலிருந்த பித்தளை மூக்கு கறுத்துப்போயிருந்தது. கழுத்துக்குக் கீழே மங்கலாகச் சிவப்பில் ஒரு வளையம். அது எனக்கு அழகாகக்கூடத் தெரிந்தது.

அந்த வாரம்தான் ஆயுத பூஜை. எங்கள் பட்டறையில் சத்தம் போடாமல், வாசல் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டுக் கொண்டாடுவோம். அர்பாப்புக்குத் தெரியும், பொரிகடலை பாக்கெட் அவர் வீட்டுக்கும் போகும். முந்தின நாளே மெஷின்களை நிறுத்தித் துடைத்து, ரம்பம், உளி, ஸ்பேனர் எல்லாவற்றையும் எண்ணெய் போட்டுப் பளபளப்பாக்கி, பெரிய வேலை மேஜையில் அடுக்கிவிடுவார்கள். அதன் பிறகு மறுநாள் பூஜை முடிந்து, அதற்கடுத்த நாள் விஜயதசமியன்று எடுக்கும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. ஃபோர்மேன் அண்ணன் மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார். அவசர வேலை என்று மேனேஜர் குதித்தாலும் "காளி வந்தாலும் தொட மாட்டேன் சார்" என்பார்.

பூஜையன்று மதியம் சாமான்களோடு நானும் வந்திருந்தேன். சுண்டலை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு, மேஜைப் பக்கம் பார்க்காமலே, மாலைக்குள் அனுப்பவேண்டிய ஒரு வாசகத்தை முடித்துவிடலாம் என்று மேலே போனேன். மேனேஜர் அபுதாபி சைட்டுக்குப் போயிருந்தார். கண்ணாடி அறையில் நான் மட்டும்தான்.

குண்டுகளில் வெடிமருந்து நிரப்பிய பெண்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளே போகும்போது அவர்கள் கொண்டை ஊசியைக் கழற்றிவிட வேண்டும், செருப்பை மாற்ற வேண்டும். ஒரு தீக்குச்சி பையில் இருந்தாலே ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும். மருந்து பட்டுப் பட்டுச் சிலருக்குத் தோலும் முடியும் மஞ்சளாகிவிடும். நான் பார்த்து எழுதிய புத்தகத்தில் அதற்குமேல் அந்தக் குண்டுகளுக்கு வர்ணம் அடிப்பதைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. எந்தப் பட்டைக்கு என்ன அர்த்தம் என்று விளக்கியிருந்தார்கள். பயிற்சிக்கான காலிக் குண்டு என்றால் அதில் ஓட்டை போட்டிருப்பார்கள். கழுத்துக்குக் கீழே சிவப்பு வளையம் என்றால் மருந்து நிரப்பியாயிற்று.

முதலில் அதை எழுதக்கூட எழுதிவிட்டேன். அடுத்த வரிக்குப் போன பிறகுதான் கை நின்றது. பிக்கப்பிலிருந்து இறக்கிய அந்தக் குண்டு கண்முன் வந்தது. எழுந்து நின்றேன், எங்கே போவது என்று தெரியவில்லை. கீழே இருந்து ஊதுவத்தி வாசனை வந்துகொண்டிருந்தது.

கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன். குண்டு மூலையில் கம்பளிக்குள் இல்லை. மேஜை நடுவில், கருவிகளுக்கெல்லாம் நடுநாயகமாக நிமிர்ந்து நின்றது. துருவையெல்லாம் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்திருந்தார்கள். மூக்கைப் புளி போட்டுத் துலக்கியிருக்கிறார்கள். குத்துவிளக்குக்குப் போட்டியாக அது மின்னியது. மூன்று பட்டையாக விபூதி, நடுவில் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை. அதற்கு ஒரு சாண் தள்ளிக் குத்துவிளக்கு ஐந்து முகமும் எரிந்துகொண்டிருந்தது. சூடத் தட்டு அப்போதுதான் சுற்றி முடிந்திருந்தது.

ஃபோர்மேன் அண்ணன் திருஷ்டிப் பூசணிக்காயைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார். வெளியே ரோட்டில் உடைத்தால் பலதியாக்காரன், அதாவது நகராட்சி ஆள், வந்து அபராதம் போடுவான் என்று நாங்கள் எப்போதும் பட்டறைக்குள்ளேயே, மேஜைக்கு முன்னால் அட்டை விரித்துத்தான் உடைப்போம். அந்த மனிதர் உடைத்தால் தரையே அதிரும். அதில் அவருக்கு ஒரு பெருமை.

நான் படியில் இறங்கினேனா விழுந்தேனா தெரியாது. "ஒடைக்காதீங்க! அண்ணா, ஒடைக்காதீங்க!" என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

அவர் பூசணிக்காயோடு அப்படியே நின்றார். "என்ன தங்கச்சி, நல்ல நேரத்துல இப்புடி அலறுற?"

"மெதுவா கீழ வைங்க. மெதுவா. போட்டுராதீங்க."

அவர் முகத்தைப் பார்த்தால் கோபம். ஆனாலும் தொட்டில் பிள்ளையைக் கிடத்துவதுபோல வைத்தார். நான் தம்பியைப் பார்த்தேன். மேஜையோரம் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, வாய் நிறையப் பொரியோடு நின்றான். அவன் சட்டைக்கும் அந்தக் குண்டுக்கும் இடையில் ஒரு வாழைப்பழச் சீப்புதான் இருந்தது.

"அதுல சிவப்பா ஒரு கோடு இருந்துச்சே, எங்கடா?"

"தேச்சதுல போயிருச்சுக்கா. கீழ நல்ல இரும்பு. பாரு, எப்படி மின்னுது."

"காலி இல்லடா அது. உள்ள மருந்து இருக்குது."

யாரும் சிரிக்கவில்லை. நான் வழக்கமாகப் பயப்படுகிற மாதிரி பேசவில்லை போலிருக்கிறது. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

உடனே ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். போலீஸ் வேண்டாம் என்பதுதான் முதலில் வந்தது. குண்டைவிட அவர்களுக்குப் போலீஸ்தான் பயம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த ஊரில் விசா போனால் எல்லாம் போச்சு. பெயிண்டர் ஒருவர் அதைப் பிக்கப்பில் ஏற்றி ஊருக்கு வெளியே மணலில் தள்ளிவிட்டு வந்துவிடலாம் என்றார். நல்ல யோசனை என்று இரண்டு பேர் தலையாட்டினார்கள். தம்பி பொரியை விழுங்கிவிட்டு, கைகளை பேண்டில் துடைத்துக்கொண்டு அதைத் தூக்கக் குனிந்தே விட்டான். நான் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தேன். இழுக்கப் பயம். இழுத்து அவன் கை அதில் பட்டுவிட்டால்?

"கைய எட்றா!" என்றார் ஃபோர்மேன் அண்ணன். "பூசையில வச்சத நாளைக்கு முன்னாடி எவனும் எடுக்கக் கூடாது. அது வெடிச்சாலும் சரி, வெடிக்கலைன்னாலும் சரி. எடுக்கக் கூடாதுன்னா எடுக்கக் கூடாது."

எனக்குச் சாமி பக்தி அவ்வளவு கிடையாது. அன்றைக்கு அந்த மனிதரின் காலில் விழுந்திருப்பேன். மருந்து, வளையம் என்று நான் சொன்னதற்கு அடங்காத கைகள் அந்த ஒரு வார்த்தைக்கு அடங்கின. தம்பியும் நிமிர்ந்தான். ஷட்டரைத் தூக்கி எல்லோரும் வெளியே வந்தோம். வந்துதான் நான் போலீஸுக்கு ஃபோன் செய்தேன். மூன்றாவது தடவைதான் எண்ணைச் சரியாக அழுத்தினேன். எதிரே டயர் கடைக்காரரிடம் இந்தியில் விஷயத்தைச் சொன்னோம். அவர் கடையைப் பூட்டக்கூட இல்லை, ஓடினார்.

நாங்களும் தெருமுனைக்குப் போய்விட்டோம். வெயில் மண்டையைப் பிளந்தது. சுவரோரம் வரிசையாக நின்றோம். ஒருவர் நெற்றியிலிருந்த சந்தனம் வேர்வையில் மூக்குவரை இறங்கியிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. போலீஸ் வந்தால் என்ன கேட்பார்கள், யார் என்ன சொல்வது என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது யாரோ "வெளக்கு எரியுதே" என்றார்.

குத்துவிளக்கு. ஐந்து முகம். மேஜையில் விரித்திருந்தது பிளாஸ்டிக் ஷீட். அதன்மேல் பூ, பொரி, எண்ணெய் போட்டுத் துடைத்த கருவிகள். ஃபேனை யாரும் அணைக்கவில்லை. மாலையின் ஒரு நுனி காற்றில் ஆடியதை நான் கண்ணாடி வழியாகப் பார்த்திருந்தேன்.

நான் அதை நினைத்து முடிப்பதற்குள் தம்பி ஓட ஆரம்பித்துவிட்டான். கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை. பின்னால் ஓடப்போனவளை ஃபோர்மேன் அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார். என்னை விடச் சொல்லித் திட்டினேன். என்னென்னவோ கெட்ட வார்த்தை. எனக்கு அவ்வளவு தெரியும் என்று எனக்கே தெரியாது. அவர் விடவில்லை.

ஷட்டர் இருட்டுக்குள் அவன் போனான். பிறகு ஒன்றுமில்லை. தெருவில் சத்தமே இல்லை, எல்லா மெஷினும் நின்றிருந்தது. அந்தக் குண்டை நிரப்பிய பெண்ணைப் பற்றி அப்போது எனக்கு நினைப்பு ஓடியது. கொண்டை ஊசியைக் கழற்றி வைத்துவிட்டு, மூச்சுப் பிடித்துக்கொண்டு, ஒரு மணிகூடச் சிந்தாமல் நிரப்பியிருப்பாள். நன்றாகச் செய்திருப்பாள். அவள் வேலை சுத்தமாக இருக்கக் கூடாதே, சோம்பேறியாக இருந்திருக்க வேண்டுமே, கடனே என்று செய்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். சாமிப் பெயர் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

அவன் வெளியே வந்தான். நடந்துதான் வந்தான். கையில் அணைந்த குத்துவிளக்கு, எண்ணெய் சிந்தாமல் நேராகப் பிடித்திருந்தான்.

"பூவால அணைச்சேன்க்கா. ஊதல" என்றான். விளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வளர்த்தது. அந்த நேரத்தில் அவன் என்னிடம் நல்ல பெயர் வாங்கப் பார்த்தது அதற்கு. நான் அவனை அறைந்தேன். தெரு பார்க்க, ஓங்கி. அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

போலீஸ் வந்தது. தெருவையே காலி செய்தார்கள். "யல்லா, யல்லா, பீச்சே" என்று எங்களை இன்னும் தள்ளி நிறுத்தினார்கள். பிறகு வேறு வண்டியில், கனமான உடுப்புப் போட்ட இருவர் வந்து உள்ளே போனார்கள். ரொம்ப நேரம் வரவில்லை. வெயில் இறங்கும்போதுதான் மணல் நிரப்பிய ஒரு பெட்டியில் அதைக் கொண்டுபோனார்கள். மாலையோடேயே போயிற்று. பயந்தபடி எங்களை யாரும் மிரட்டவில்லை. தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள்.

அதிகாரி ஒருவர் வந்தார். சின்ன வயதுதான். உள்ளே நிறைந்திருக்கிறது என்று இந்தியும் ஆங்கிலமுமாகச் சொன்னார். மூக்கில் இருப்பதுதான் மோசம், அசைக்காமல் விட்டது நல்லது என்றார். ஃபோர்மேன் அண்ணனுக்கு அதை நான் தமிழில் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு அதிகாரி தன் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினார். குண்டின் அடிப்பக்கம். தேய்க்காமல் விட்ட துருவுக்கு நடுவில் வட்டமாக, புத்தம் புதிதாக, வெள்ளையாக ஒரு குழி. சுண்டுவிரல் நுனி போகும். "இது பழையதில்லை. யார் செய்தது?" என்று கேட்டார்.

தம்பி என் கையைப் பிடித்தான். சின்னப் பையனாக இருந்தபோது ரோடு தாண்டப் பிடிப்பானே, அப்படி. விரல்கள் சில்லென்றிருந்தன. விளக்கெடுக்க ஓடியபோது இல்லாத பயம் அப்போதுதான் அவன் முகத்தில் வந்தது.

"நேத்து நாந்தான்க்கா" என்றான் மெதுவாக. "ஸ்டாண்டுல நிக்க வைக்க போல்ட் போடோணும்னு டிராயிங்ல இருந்துச்சு. வைஸ்ல கடிக்க வச்சு டிரில் போட்டேன். பிட்டு மழுங்கிப் போச்சு. புதுசு மாட்டப் போனேன். அதுக்குள்ள அண்ணன் வந்து, போதும்டா, மெஷின நிறுத்து, தொடைக்கோணும்னாரு."

நான் அதை அதிகாரியிடம் சொன்னேன். என்ன ஆங்கிலத்தில் சொன்னேன் என்று தெரியாது. அவர் ஃபோனை அணைத்துப் பையில் வைத்தார். தம்பியை மேலும் கீழும் பார்த்தார். அவன் தோளில் கையை வைத்து, அரபியில் என்னவோ சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டினாரா வாழ்த்தினாரா என்று நான் கேட்கவில்லை.

அவன் இன்னும் எங்கள் பட்டறையில்தான் வேலை பார்க்கிறான். ஊருக்குப் போய்விடு என்று கெஞ்சிப் பார்த்தேன், சிரிக்கிறான். கீழே டிரில் மெஷின் ஓட ஆரம்பித்தால் நான் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன். சத்தம் நின்ற பிறகு, அவன் யாரையாவது கூப்பிட்டு எதையாவது கேட்கும் குரல் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.